கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் அந்த ஃப்ளாப்பி

சர்வீஸ் பிரிவில் இப்போது இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

என்னை வழியனுப்பிய அன்று நீங்கள் கொடுத்த பரிசைப் பிரித்ததும் நான் பேச்சு வராமல் நின்றேன். "சாருக்குத் தொண்ட அடைச்சிடுச்சு, விடுங்கப்பா" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அடைத்தது உண்மை. நீங்கள் நினைத்த காரணத்தால் இல்லை.

பழைய அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்ததாகச் சொன்னீர்கள். உள்ளங்கையை விடப் பெரிய, வளைகிற அந்தக் காலத்துக் கறுப்பு ஃப்ளாப்பி. மேலே என் கையெழுத்தில் 'முரளி, பூட், யாரும் எடுக்காதே' என்று லேபிள். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, கீழே பித்தளைத் தகட்டில் 'இது நுழைந்த இடத்தில் எழாத மிஷின் இல்லை' என்று பொறித்திருந்தீர்கள். வரவேற்பறையில் மாட்டப் போகிறோம் என்றதும் நான் குறுக்கே விழுந்து, ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும் என்று வாங்கி வந்துவிட்டேன். ஒரு மாதம் ஆகிவிட்டது. சட்டத்தைத் திருப்பித் தருகிறேன். மாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

உங்களில் பாதிப் பேர் ஃப்ளாப்பியிலிருந்து மிஷின் எழுவதைப் பார்த்ததே இல்லை. உங்கள் மிஷின்கள் மூடியைத் திறந்தால் விழித்துக்கொள்கின்றன, கொடுத்துவைத்தவர்கள். அன்றைய மிஷினுக்கு ஸ்விட்ச் போட்டதும் ஒன்றுமே தெரியாது, தான் யார் என்பது உட்பட. முதலில் தன் நினைவகத்தை ஒரு முறை எண்ணிப் பார்க்கும். பிறகு ஏ டிரைவின் விளக்கு எரியும். அங்கே ஃப்ளாப்பி இருந்தால் அதன் முதல் துண்டைப் படிக்கும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு, அதாவது சி டிரைவுக்குப் போகும். அதன் முதல் துண்டைப் படிக்கும். அந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே நம்பி, அது காட்டும் வழியில் போகும். எழுதியவன் யார், நல்லவனா கெட்டவனா என்றெல்லாம் கேட்காது. முதலில் பேசுகிறவன் சொல்வதுதான் அதற்கு வேதம்.

அதனால்தான் எங்கள் தோள்பையில் எப்போதும் ஒரு பூட் ஃப்ளாப்பி இருக்கும். ஹார்ட் டிஸ்க் எழவில்லையா, ஃப்ளாப்பியைப் போடு, அதை வைத்து எழுப்பு, உள்ளே போய்ப் பார். ஃப்ளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது திறந்திருந்தால் ஃப்ளாப்பியில் எழுதலாம். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும், ஒரு பயலும் உள்ளே எதையும் எழுத முடியாது. எங்கள் சீனியர் ஒருவர் காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று எல்லோருடைய பையையும் பார்ப்பார். "ஸ்டிக்கர் எங்கய்யா? ஒருத்தருக்குப் போட்ட ஊசியக் கழுவாம இன்னொருத்தருக்குக் குத்துவியா நீ?" என்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ஸ்டிக்கர் சாமி என்று கூப்பிட்டுச் சிரிப்போம்.

சிரித்தவர்களில் அதிகம் சிரித்தவன் நான்.

அசோக் நகரில் ஒரு வாடிக்கையாளர். அவருடைய பிரிண்டர் கோப்பு ஒன்று எனக்குத் தேவைப்பட்டது, கையில் வேறு ஃப்ளாப்பி இல்லை. பூட் ஃப்ளாப்பியின் ஸ்டிக்கரை உரித்து மேஜை ஓரத்தில் ஒட்டினேன், கோப்பை ஏற்றிக்கொண்டேன், கிளம்பிவிட்டேன். ஸ்டிக்கர் மேஜையிலேயே இருந்துவிட்டது. அந்த மிஷினில் வைரஸ் இருந்தது எனக்குத் தெரியாது. ஏறிக்கொண்டது கோப்பு மட்டுமில்லை.

மறுநாள் அதே ஃப்ளாப்பியோடு மயிலாப்பூருக்குப் போனேன்.

குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் ஒரு டைப்பிங் சென்டர். நடத்தியவர் சேஷாத்ரி சார், வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர், நெற்றியில் எப்போதும் ஒற்றைக் கோடு, பேச்சில் எப்போதும் படபடப்பு. இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் உட்கார்ந்து அடித்தவள் அமுதா. அவளுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் வீடு. அவள் அம்மா சரோஜா, சேஷாத்ரி சார் வீட்டில் பல வருஷமாகப் பாத்திரம் தேய்த்தவர். மகள் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்ததும், அந்த அம்மாதான் சாரிடம் கேட்டு இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

அமுதாவின் விரல்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பதிப்பாளருக்காக அவள் தமிழில் ஒரு விஞ்ஞானப் பாடப்புத்தகம் அடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு அத்தியாயம், ஏழு மாத வேலை. "இதுல கீற ஒளிவிலகல் எல்லாம் எனக்கே புரிஞ்சிடுச்சு சார். பரீட்ச வெச்சா பாஸாயிடுவேன்" என்று சிரிப்பாள்.

அன்றைக்கு வேலை சின்னது. புதிதாகப் போட்ட எழுத்துரு மென்பொருளால் மிஷின் பாதி எழுந்து நின்றுவிட்டது. என் ஃப்ளாப்பியைப் போட்டு எழுப்பினேன், ஒரு வரியைத் திருத்தினேன், கிளம்பிவிட்டேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. "கைராசிக்காரம்ப்பா நீ" என்றார் சேஷாத்ரி சார். என் கைராசி உள்ளே இறங்கி சி டிரைவின் முதல் துண்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஒரு மணி. அமுதா சாப்பிடப் போயிருந்தாள். சேஷாத்ரி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தார்.

"முரளி, மூணு மணிக்குப் பதிப்பாளர் வரார். முழுப் புஸ்தகத்தையும் பிரிண்ட் எடுத்துத் தரேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். இது என்னடான்னா நின்னு நின்னு போறது. எழுந்துக்குமா எழுந்துக்காதா, அத மட்டும் சொல்லு."

என் ஃப்ளாப்பியைப் போட்டேன். எழுந்தது. சி டிரைவ் தெரிந்தது, இருபத்திரண்டு அத்தியாயமும் வரிசையாக இருந்தன. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. நினைவகம் அறுநூற்று நாற்பது காட்ட வேண்டிய இடத்தில் ஒன்று குறைவாகக் காட்டியது. அந்த ஒன்றில் எவனோ ஒளிந்திருக்கிறான் என்று அர்த்தம். வைரஸ் என்று சந்தேகம் வந்தது. நான் ஒன்றும் முட்டாள் இல்லை. அந்த ஒரு எண்ணைக் கவனித்த பெருமை எனக்கு இருந்தது, நாசமாய்ப் போன பெருமை.

சந்தேகம் வந்தால் யாரும் எழுதவே முடியாத ஃப்ளாப்பியால் எழுப்பு என்பது சீனியர் வாக்கு. மிஷினோடு வந்த ஒரிஜினல் ஃப்ளாப்பி சாரின் பீரோவில் உறை பிரிக்காமல் இருந்தது. அதில் வெட்டே கிடையாது. அதைப் போட்டு எழுப்பினேன். எழுந்தது. சி டிரைவுக்குப் போகச் சொன்னேன். அப்படி ஒரு டிரைவே இல்லை என்றது.

தம்பிகளே, இந்த இடத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்து, கீழே போய் ஒரு டீ குடித்திருக்க வேண்டும். ஒரு ஃப்ளாப்பியில் எழுப்பினால் சி டிரைவ் இருக்கிறது, இன்னொன்றில் எழுப்பினால் இல்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வியை யோசிக்க ஐந்து நிமிஷம் போதும். என் ஃப்ளாப்பியை மறுபடி போட்டிருந்தால் புத்தகம் திரும்பவும் கண்முன்னே வந்திருக்கும், முதலில் அதை வேறு ஃப்ளாப்பிகளுக்கு எடுத்து வைத்திருக்கலாம். அந்த வைரஸ், டிஸ்க்கின் உண்மையான வழித்துண்டை எடுத்து வேறு இடத்தில் ஒளித்துவிட்டு, அந்த இடத்தில் தான் உட்காரும் ஜாதி. அது விழித்திருக்கும்வரை கேட்டவர்களுக்கு வழி சொல்லும். அதை எழுப்பாமல் நுழைந்தால் டிஸ்க்குக்கு வழியே கிடையாது. திருடனிடம்தான் சாவி இருந்தது, நான் திருடனைக் கொல்வதிலேயே குறியாக இருந்தேன்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் சேஷாத்ரி சார், என் தோளுக்கு மேலாக.

"ஒண்ணுமில்ல சார். முதல் பகுதி கெட்டுப்போயிருக்கு. புதுசா எழுதிடறேன்."

அந்த முதல் துண்டைப் புதிதாக எழுத ஒரு கட்டளை உண்டு. நிச்சயமா என்றுகூட அது கேட்காது. தட்டினேன். முடிந்தது. வைரஸ் போனது, அதோடு வழியும் போனது. மறுபடி எழுப்பினால் சி டிரைவ் அப்போதும் இல்லை. மணி ஒன்றே முக்கால். பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"சார், பேக்கப் இருக்கா?"

"அதெல்லாம் அமுதா எடுத்து வெச்சிருப்பா."

வெச்சிருப்பா. அது பதிலே இல்லை. 'இருக்கு, இதோ' என்பதுதான் பதில். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் யாரும் சர்வீஸுக்குப் போகாதீர்கள். தெரிந்தவள் பத்து நிமிஷத்தில் வரப் போகிறாள், அவளுக்காக நான் காத்திருக்கவில்லை. டிஸ்க்கைப் புதிதாகப் பகுதி பிரித்து ஃபார்மேட் போட்டேன். அந்தக் கட்டளையாவது நியாயமானது, எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று நானே அழுத்தினேன்.

மிஷின் ஜம்மென்று எழுந்தது. ஒரு நிமிஷம், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அமுதா டிபன் டப்பாவோடு மாடியேறி வந்தாள். திரையைப் பார்த்தாள். நின்றபடியே ஒரு கையால் கோப்புப் பட்டியலைக் கேட்டாள். வெறுமையாக வந்தது. இன்னொரு முறை கேட்டாள்.

"சார், என் புக் எங்க சார்?"

"பேக்கப்லேர்ந்து போட்டுக்கலாம்மா."

"பதிமூணு வரைக்கும்தான் சார் கீது. மீதிக்கு ஃப்ளாப்பி இல்ல. ரெண்டு தபா கேட்டேன், புதுசு வந்ததும் எடுத்துக்கலாம்னு சார்தான் சொன்னாரு."

சேஷாத்ரி சார் முகம் கறுத்துவிட்டது. அவள் சொன்னது உண்மை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்தக் கோபம் எங்காவது போய் இறங்க வேண்டும். என் பக்கம் திரும்பினார். "எப்படிப்பா ஆச்சு இது?"

இப்போது யோசித்தால் எல்லாம் அந்த ஒரு நொடிதான். அவர் கேட்டது என்னை. முதலில் பேசியவன் நான்.

"வைரஸ் சார். வெளி ஃப்ளாப்பி போட்டா வரும். கேம்ஸ் கீம்ஸ் போடுவாங்களே, அந்த மாதிரி."

நான் யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. அப்போது என் ஃப்ளாப்பியைச் சந்தேகப்படவும் இல்லை, இதைச் சத்தியமாகச் சொல்வேன். எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்கிற வாய்ப்பாடு அது. ஆனால் சேஷாத்ரி சார் நேராகப் போய் அமுதாவின் மேஜை டிராயரை இழுத்தார். அடியில் ஒரு ஃப்ளாப்பி இருந்தது, மேலே பென்சிலால் 'கார் ரேஸ்' என்று எழுதியிருந்தது.

"என்னது இது?"

"ஆடினேன் சார்" என்றாள் அமுதா. மறைக்கவில்லை. "மத்தியானத்துல, சாப்ட்டுட்டு. அது ஆச்சு சார் ரெண்டு மாசம். அப்பறம் தொடவேயில்ல."

"புஸ்தகத்த முழுங்கிட்டு நிக்கறயேடி! உங்கம்மா மூஞ்சிக்காக உன்ன உக்கார வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்!"

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க சார். அன்னிக்கி நீங்க வந்து போனப்பறம்தான சார் மிஷின் நின்னு நின்னு போச்சு?"

"வைரஸ் உடனே காட்டாதும்மா. உள்ளயே இருந்துட்டு மெதுவாத்தான் வெளிய தெரியும்" என்றேன்.

அது பொய் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் தொழில்நுட்பப்படி சரி. இன்றுவரை என்னைக் குடைவது அதுதான்.

கிளம்பும்போது சேஷாத்ரி சார் அந்த கார் ரேஸ் ஃப்ளாப்பியை என் கையில் கொடுத்தார். "இத எடுத்துண்டு போய் என்ன கண்றாவி இருக்குன்னு பாரு." இரண்டு ஃப்ளாப்பியும் ஒரே பையில் இருக்க, தி.நகர் அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். லஸ் சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, அப்படி நிற்கும்போதுதான் டீ குடித்து யோசித்திருக்க வேண்டிய கேள்வி வந்து சேர்ந்தது. என் ஃப்ளாப்பிக்கு மட்டும் ஏன் சி டிரைவ் தெரிந்தது? என் ஃப்ளாப்பியிலும் அந்தத் திருடன் இருந்தால்தானே தெரியும்? ஃப்ளாப்பியை எடுத்துப் பார்த்தேன். ஓரத்து வெட்டு பல் விழுந்த வாய் போலத் திறந்திருந்தது. அசோக் நகர் மேஜையில் ஸ்டிக்கரை ஒட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பச்சை விழுந்தது. திரும்பிப் போயிருந்தால் ஐந்து நிமிஷம். அமுதா அப்போது அந்த மாடியிலேயேதான் இருந்திருப்பாள். 'முதலில் உறுதி செய்துகொள்வோம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நேராகப் போனேன். உறுதி செய்துகொள்வது எவ்வளவு கௌரவமான சொல் பாருங்கள், கோழைத்தனத்துக்கு இஸ்திரி போட்டது மாதிரி.

மறுநாள் காலையில் உறுதியாகிவிட்டது. கார் ரேஸ் சுத்தமாக இருந்தது, துளிக் குறையில்லை. என் ஃப்ளாப்பியில் வைரஸ் இருந்தது. துடைத்தேன். புது ஸ்டிக்கர் எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும்போது சீனியர் வந்து நின்றார்.

"என்னய்யா, புது ஸ்டிக்கர்?"

"பழசு பசை போயிடுச்சு சார்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை, போய்விட்டார். நீங்கள் சட்டத்தில் பார்க்கிற அந்தக் கறுப்பு ஸ்டிக்கர், அன்று காலை நான் ஒட்டியது. எவ்வளவு நேராக ஒட்டியிருக்கிறேன் பாருங்கள்.

அந்த ஃப்ளாப்பியோடு நான் போய்வந்த ஐந்து இடத்துக்கும் அந்த வாரமே மறுபடி போனேன். அசோக் நகர், மந்தைவெளி, அடையாறு, பெசன்ட் நகர் என்று ஒன்று விடாமல், "சும்மா ஒரு செக்கப் சார்" என்று சொல்லித் துடைத்துவிட்டு வந்தேன். முதலில் தகவலை எடுத்து வைத்துவிட்டு, பிறகு துடைத்தேன். எங்கும் ஒன்றும் தொலையவில்லை. கூப்பிடாமலே வருகிறாரே என்று இரண்டு வாடிக்கையாளர்கள் என்னைப் பாராட்டி அலுவலகத்துக்கு எழுதினார்கள். எனக்கு நல்ல பேர் வந்தது அந்த வாரத்திலிருந்துதான். இது எந்தச் சாமியின் விளையாட்டோ.

ஆறாவது இடம் மயிலாப்பூர். அங்கே மட்டும் போகவில்லை. இரண்டு நாளில் சேஷாத்ரி சாரே போன் செய்தார்.

"அவள நிறுத்திட்டேம்ப்பா. அவம்மா எங்காத்து வாசல்ல ரெண்டு நாளா வந்து நின்னுண்டு அழறா. நான் என்ன பண்றது, சொல்லு? நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ? ஆமா, அந்த ஃப்ளாப்பிய டெஸ்ட் பண்ணியா? அதுலதானே இருந்தது?"

மேஜை மேல் கார் ரேஸ் ஃப்ளாப்பி இருந்தது. ஒரே ஒரு 'இல்லை' சொன்னால் போதும். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது, அதை மறைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துட்டேன் சார்" என்றேன். இருந்தது என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியதை அவர் எடுத்துக்கொண்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சேஷாத்ரி சார் காலமான செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்று, வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு கவலை விட்டது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அந்த எண்ணத்தை நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவுதான். சாப்பாடு இறங்கிவிட்டது, நானும் மறந்துவிட்டேன், நீங்கள் சட்டம் போட்டுக் கொடுக்கும்வரை.

போன வாரம் தேடிப் போனேன். டைப்பிங் சென்டர் இருந்த மாடியில் இப்போது ஜெராக்ஸ் கடை. கடை நடத்தும் அம்மாவுக்கு அமுதாவைத் தெரிந்திருந்தது. ஆற்றங்கரை வீடுகளை எல்லாம் காலி செய்தபோது அவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்களாம். நம்பரும் கொடுத்தார். போன் செய்து என் பெயரைச் சொன்னேன். "வாங்க சார்" என்றாள், அவ்வளவுதான்.

நாலாவது மாடி. நடைபாதையில் இரண்டு பக்கமும் கதவுகள், துணிக்கொடிகள். அமுதாவுக்கு முடி நரைத்திருந்தது. வேலை போன பிறகு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்கு நூல் வெட்டியிருக்கிறாள், இருபது வருஷத்துக்கு மேலாக. இப்போது அந்த பிளாக்கில் யாருக்கு என்ன விண்ணப்பம் போட வேண்டுமானாலும் அவளிடம்தான் வருகிறார்கள், போனிலேயே அடித்துக் கொடுக்கிறாள். நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பெண் வந்து ரேஷன் கார்டுக்கு எழுதிக்கொண்டு போனாள். விரல்கள் அப்படியே இருந்தன.

பையிலிருந்து சட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர், அசோக் நகர், லஸ் சிக்னல், போன். ஒன்றையும் விடவில்லை.

"தெரியும் சார்" என்றாள் கடைசியில். "நீங்க ஃப்ளாப்பி போட்ட அப்பறம்தான மிஷின் கெட்டுது. அது எனக்கு அன்னிக்கே தெரியும். ஏதோ ஆயிடுச்சு, வேணும்னு யாரு பண்றாங்க? ஆனா நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன். ஒரு வாரம் பாத்தேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? தெரிஞ்சவகிட்டயே சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்கம்மாகிட்ட சொல்லுங்க. இன்னிக்கி வரைக்கும் ஒரு சண்ட வந்தா, விளையாடி வேலையத் தொலச்சவதானேன்னு அதத்தான் எடுக்கும். அந்த ஊட்டு வேலையையும் அத்தோட விட்டுச்சு, மூஞ்சியக் காட்ட முடியலன்னு."

சரோஜா அம்மா வெளியே நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் குனிந்து மெதுவாக ஆரம்பித்தேன்.

"சத்தமா சொல்லுங்க சார். அதுக்குக் காது கேக்காது" என்றாள் அமுதா.

சத்தமாகச் சொன்னேன். இன்னும் சத்தமா என்று கையைக் காட்டினாள். நான் சர்வீஸ் இன்ஜினியர், எல்லாவற்றையும் மெதுவான குரலில், நம்பும்படியாகப் பேசிப் பழகியவன். நாலாவது மாடி நடைபாதையில் நின்றுகொண்டு கத்தினேன். "அம்மா! அமுதா விளையாடினதால கம்ப்யூட்டர் கெடல! என் ஃப்ளாப்பியால கெட்டுது! தப்பு என்மேல! அவ மேல தப்பே இல்ல!"

இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி அப்படியே நின்றாள். இன்னாவாம், யாராம் என்று குரல்கள் வந்தன. அமுதா யாருக்கும் பதில் சொல்லாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவர்கள் கேட்கட்டும் என்றுதான் நின்றாள் என்று நினைக்கிறேன்.

சரோஜா அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தார்.

"அய்யருகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா. அவர் போயிட்டார்."

"அப்ப அவரு அப்டியே நெனச்சிகினு பூட்டாரா?"

நான் தலையை ஆட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அந்த அம்மா என்னை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன்டி இத்த எனக்குச் சொல்லல?"

"சொன்னேம்மா" என்றாள் அமுதா. "அன்னிக்கே சொன்னேன். இஞ்சினீரு சொன்னாருன்னு நீதான் என்ன நம்பல."